சக்கரம் மண்ணை விடக்கூடாது

புதிதாக வாங்கிய ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் நடப்பது இதுதான்: வண்டி அமுங்கும். பின்பக்கம் நாலு சென்டிமீட்டர், முன்பக்கம் இரண்டரை, மூன்று. ஆயுள் முழுக்கச் சாதாரண சைக்கிள் மிதித்தவருக்கு வயிற்றைக் கலக்கும். டயரில் காற்று இறங்கிவிட்டதோ, எங்கேயாவது போல்ட் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்ப்பார். நானும் பார்த்தேன்.

“ஒண்ணும் ஆகலை மாமா. அது அமுங்கத்தான் செய்யணும்” என்றான் அக்கா மகன்.

வண்டி அவனுடையது. கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் கவுன்டியில் குடியிருக்கிறான். இந்த விளையாட்டு பிறந்ததே அந்தப் பக்கத்து மலைகளில்தான். வண்டி என்ன கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. இந்த ரகத்தில் இன்று வருபவை எல்லாம் ஏறத்தாழ ஒரே ஜாடை. 29 அங்குலச் சக்கரம். முன்னும் பின்னும் 140 மி.மீ. ஏறி இறங்கும் வசதி. எடை 15 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பின்சக்கரம் ஃபிரேமோடு நேராக ஒட்டியிருக்காது. பல மூட்டுகளில் அசைகிற தனிச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சட்டத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்தில் கறுப்பு உருளை. அதுதான் ஷாக்.

குடியிருப்பின் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பிடிக்கவில்லை. ஹேண்டில்பார் முக்கால் மீட்டரைத் தாண்டிய அகலம். மெதுவாகப் போனால் முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் சாய்கிறது. எழுந்து நின்று மிதித்தால் வண்டி மேலும் கீழும் ஆடுகிறது. மிதிப்பில் பாதியை யாரோ திருடிக்கொள்வது போலிருக்கிறது. சொகுசாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் வெறும் சொகுசுக்கு இவ்வளவு மூட்டும் முடுக்கும், ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையும் எதற்கு?

சொகுசுக்காக அல்ல என்பதுதான் விடை. கடைவாசலில் ஓட்டிப் பார்க்கும் யாருக்கும் இது புரியாது, ஏனென்றால் அங்கே தரை சமமாக இருக்கிறது. இந்த இயந்திரம் முழுக்க ஒரே ஒரு காரியத்துக்காகக் கட்டப்பட்டது: கரடுமுரடான தரையில் சக்கரம் மண்ணை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது. காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு பூஜ்யம். அதைத் திருப்ப முடியாது, பிரேக் பிடித்தாலும் நிற்காது, மிதித்தாலும் தள்ளாது. உராய்வு என்பது சக்கரம் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அதைப் பொறுத்தது. அழுத்தமே இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல டயர் இருந்தும் பயனில்லை.

இரண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைக்கும் யோசனை மலைக்காரர்களுடையது அல்ல. இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962-இல் சின்னச் சக்கர சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் ரப்பர் சஸ்பென்ஷன். மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவரும் இவரே. சின்னச் சக்கரம் குழியில் அதிகமாக விழும் என்பதால் அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அந்த வண்டி ஊருக்குள் ஓடியது, காட்டுக்குள் போகவில்லை.

காட்டுக்குள் போனவர்களுக்கு சஸ்பென்ஷனே இல்லை. மாரினில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேற்கே ஒரு மண்பாதை, இரண்டு மைலுக்குள் 1300 அடி இறங்குகிறது. 1976 அக்டோபரில் அங்கே ஒரு கூட்டம் பந்தயம் விட ஆரம்பித்தது. பழைய, கனமான, பலூன் டயர் போட்ட சைக்கிள்கள். 1930-களில் வந்தவைகூட உண்டு. பின்னால் பெடலைத் திருப்பி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 400 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 350 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றுத் தடையும் மண்ணும் தின்றது போக மீதியெல்லாம் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள அந்தச் சின்ன ஹப்பில் வெப்பமாக இறங்கியது. உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோய்விடும். ஒரு தடவை இறங்கினால் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் வைத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷர் அந்தப் பாதையில் இறங்கிய நேரம் 4 நிமிடம் 22 விநாடி. அதே கூட்டத்து ஜோ பிரீஸ் 1977-இல் இந்த வேலைக்கென்றே ஒரு ஃபிரேமைச் செய்தார். அந்த வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

    

மலை சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் வந்தது மோட்டார் சைக்கிள்காரர்கள் வழியாக. மோட்டோகிராஸ் பந்தயங்களில் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் செய்த ராக்ஷாக்ஸ் முன்ஃபோர்க் 1990 வாக்கில் கடைக்கு வந்தது. அதன் அசைவு வெறும் ஐந்து சென்டிமீட்டர். 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் மலை சைக்கிள் உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதை மாட்டிக்கொண்டு இறக்கப் பந்தயத்தில் ஜெயித்தார். முன்பக்கம் அதோடு தீர்ந்தது. அப்புறம் யாரும் பெரிதாகத் தகராறு செய்யவில்லை. பின்பக்கம்தான் தலைவலி. ஏனென்றால் பின்சக்கரத்தில் செயின் இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் அந்த அமுங்கலை முடித்துவிடலாம்.

பாதை என்றால் கல் மட்டும் இல்லை, குழியும் உண்டு. கல் வந்தால் சக்கரம் மேலே போக வேண்டும். குழி வந்தால் கீழே போக வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் அமுங்காத வண்டியில் சக்கரத்துக்குக் கீழே போக இடமே இல்லை. குழியின் விளிம்பைத் தாண்டிய கணத்தில் அது அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை உட்கார்ந்தவுடனேயே செலவழித்துவிடுகிறார்கள். ஓட்டுபவர்கள் இதை ‘ஸேக்’ என்கிறார்கள். 140 மி.மீ. வண்டியில் 30 சதவீதம் என்றால் 42 மி.மீ. அது குறை இல்லை, கீழே போவதற்கான கையிருப்பு.

ஆனால் என் விஷயத்தில் வண்டி அதற்கு மேலும் அமுங்கியிருந்தது. மருமகன் அதை அளந்தே காட்டினான். ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சுவரில் கை ஊன்றி வண்டியில் உட்காரச் சொன்னான். வளையத்தை உருளையின் விளிம்பு வரை தள்ளிவிட்டான். “குதிக்காம மெதுவா இறங்குங்க மாமா.” இறங்கினேன். தண்டு வெளியே வந்தது. வளையம் தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றது. ஸ்கேலை வைத்தால் 21 மி.மீ. தண்டின் முழு ஓட்டம் 55. அதாவது 38 சதவீதம். உள்ளே இருந்தது அவன் எடைக்கு அடித்த காற்று. நான் அவனைவிடக் கனம்.

ஆம், உள்ளே இருப்பது காற்றுதான். ஸ்பிரிங் என்றால் இரும்புச் சுருள் என்றே நமக்குப் பழக்கம். இன்றைய மலை சைக்கிள்களில் பெரும்பாலும் அடைத்த காற்றே ஸ்பிரிங். ஒரு காரணம் எடை, இன்னொன்று வசதி: ஆள் மாறினால் சுருளை மாற்ற வேண்டாம், காற்றை மாற்றினால் போதும். அளவு கொஞ்ச நஞ்சமல்ல. கார் டயரில் 30-35 பி.எஸ்.ஐ. வைக்கிறோம். இங்கே 150, 200 எல்லாம் சர்வசாதாரணம். ஏன் இவ்வளவு? சக்கரம் 140 மி.மீ. ஏறும்போது ஷாக் 55 மி.மீ.தான் உள்ளே போகிறது. நெம்புகோல் கணக்கில் சராசரியாக இரண்டரை மடங்கு. பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ பாரம் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஷாக்கின் மேல் 125 கிலோ. அந்தச் சின்ன உருளைக்குள் அடைபட்ட காற்று அதைத் தாங்க வேண்டும். உங்கள் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. மேலோட்டமான கணக்குதான், ஆனால் ஆரம்பிக்க உதவும்.

இதற்குத் தனி பம்பு இருக்கிறது. ஊசி மருந்துக் குழாய் மாதிரி ஒல்லியானது, முனையில் மீட்டர். நாலு அடி அடித்தால் முள் சரசரவென்று ஏறுகிறது. கழற்றும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். அடித்த காற்றெல்லாம் போச்சு என்று பதறுவோம். போவது பம்பின் ரப்பர் குழாயில் தங்கிய காற்று மட்டும்தான். 170-க்கு ஏற்றியதும் மறுபடி அளந்தோம். 16 மி.மீ. 29 சதவீதம். அதே வண்டி, ஐந்து நிமிஷ வேலை, ஆனால் மிதிக்கிற உணர்வு வேறு வண்டி.

காற்று ஸ்பிரிங்குக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்புச் சுருளை ஒவ்வொரு சென்டிமீட்டர் அமுக்கவும் ஒரே அளவு கூடுதல் பலம் போதும். காற்று அப்படியல்ல. கன அளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது, மூன்றில் ஒன்றாக்கினால் மும்மடங்கு, பாயிலின் விதி. அதனால் ஆரம்பத்தில் இளகிக்கொடுக்கும், கடைசியில் சுவராக நிற்கும். பெரிய பள்ளத்தில் குதித்தாலும் ‘டங்’ என்று அடிமட்டம் இடிக்காமல் காப்பது இந்தக் குணம். அதுவும் போதாது என்பவர்கள் உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டுக் காற்றுக்கான இடத்தையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஓட்ட முடியாது. அமுக்கிய ஸ்பிரிங் தான் வாங்கியதை அப்படியே திருப்பித் தரும்; கல்லில் ஏறிய சக்கரம் ஆளைத் தூக்கி எறியும். அந்த ஆற்றலை எங்கேயாவது தொலைக்க வேண்டும். அதற்குத்தான் எண்ணெய். ஷாக்கின் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயில் ஓடுகிறது. பிஸ்டனில் சின்னத் துளைகள், அவற்றின் மேல் தாள் போல மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு. எண்ணெய் வேகமாக ஓட வேண்டியிருந்தால் தகடுகளை வளைத்துக்கொண்டு வழி விடும், மெதுவாக ஓடினால் துளை வழியே முனகிக்கொண்டு போகும். இரண்டிலும் ஆற்றல் வெப்பமாகிறது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஷாக்கைத் தொட்டால் சுடும்.

இந்தத் தணிப்பைத் திருத்த, வெளியே திருகு வைத்திருக்கிறார்கள். சிவப்புத் திருகு, ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி விரிய வேண்டும் என்பதற்கு. அநேகம் பேர் கை வைத்துக் கெடுப்பது இதைத்தான். மணிக்கு 25 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏழு மீட்டர். பாதையில் முக்கால் மீட்டருக்கு ஒரு கல் என்று வைத்தால், விநாடிக்கு ஒன்பது பத்து அடி. ஓர் அடி வாங்கி, திரும்பி விரிந்து, அடுத்த அடிக்குத் தயாராக, சக்கரத்துக்குக் கிடைப்பது பத்தில் ஒரு விநாடி. திருகை ரொம்ப இறுக்கிவிட்டால், முழுசாக விரிவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போய், பத்தாவது கல்லில் சஸ்பென்ஷனே மிச்சமிருக்காது. ஓட்டுபவருக்கோ காற்று குறைவு என்று தோன்றும்; இன்னும் காற்றடிப்பார்; கோளாறு இருப்பதோ திருகில்.

இனி அந்தச் செயின் விவகாரம். வாசலில் எழுந்து நின்று மிதித்தபோது வண்டி ஆடியதே, அது ஏன்?

ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் எந்தப் பாரத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்டத் தாளம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க பாரம் எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் தெரிய வேண்டாம். உட்கார்ந்ததும் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்து ஊசல் சூத்திரமேதான்; ஊசல் நீளத்துக்குப் பதில் அமுங்கிய ஆழத்தைப் போட வேண்டும். 42 மி.மீ. போட்டுப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 2.4 ஆட்டம் வருகிறது. காற்று ஸ்பிரிங்குக்கு இது தோராயம்தான், ஆனால் பெரிய பிழை இல்லை. இப்போது காலைப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் வலது கால் ஒரு தள்ளு, இடது கால் ஒரு தள்ளு. நிமிடத்துக்கு 150, விநாடிக்கு இரண்டரை.

2.4, 2.5. மனிதக் கால் இயல்பாக மிதிக்கிற தாளமும், சரியாகக் காற்றடித்த சஸ்பென்ஷன் இயல்பாக ஆடுகிற தாளமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து விழுகின்றன. இயற்பியலில் ஒத்ததிர்வு என்று இதைத்தான் படித்தோம். தள்ளுகிற தாளம் ஆடுகிற தாளத்தோடு சேர்ந்தால் ஆட்டம் பெருகும். கெட்டியான ஸ்பிரிங் போட்டுத் தாளத்தை மாற்றலாமே என்றால், அப்புறம் குழிக்கான கையிருப்பு போய்விடும். காற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர முடியாது. எண்ணெய்த் தணிப்பை இறுக்கினால் ஆட்டம் அடங்கும், ஆனால் சின்னக் கற்களுக்குச் சக்கரம் மரக்கட்டையாகிவிடும். 1990-களின் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகளைப் பந்தயக்காரர்கள் தீண்டாமல் விட்டதற்கு எடை ஒரு காரணம், இந்த ஆட்டம் இன்னொரு காரணம்.

வழி கிடைத்தது வடிவியலில். மிதிக்கும்போது வண்டி முன்னே பாய்கிறது. ஆளின் பாரம் பின்னே சாய்கிறது. பின் ஷாக் அமுங்கப் பார்க்கிறது. அதே கணத்தில் மேல் செயின் பின்சக்கரத்தை முன்னே இழுக்கிறது. பின்சட்டம் எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறது என்பதைப் பொறுத்து, அந்தச் செயின் இழுப்பு ஷாக்கை அமுக்கவும் செய்யலாம், விரிக்கவும் செய்யலாம். விரிக்கும் விதமாகப் புள்ளியை வைத்து, அந்த விரிப்பும் பாரச் சாய்வின் அமுக்கலும் சரிசமமாக இருக்கும்படி கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆள் மிதிப்பார்; ஷாக்குக்குத் தெரியாது. இதில் பலத்தை எதிர்க்க எந்தப் பொருளும் கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை, புள்ளி இருக்கும் இடம் ஒன்றே வேலை செய்கிறது. இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான்.

இன்னும் வேடிக்கை, அந்தப் புள்ளியில் பெரும்பாலும் எந்த போல்ட்டும் இருக்காது. ஒரே மூட்டு உள்ள சட்டத்தில் அது மூட்டிலேயே இருக்கும். நாலு மூட்டு வைத்த சட்டத்திலோ, தண்டுகளின் கோடுகளை நீட்டினால் அவை வெறும் காற்றில் எங்கேயோ வெட்டிக்கொள்ளும். சக்கரம் அந்த இல்லாத மூட்டைச் சுற்றித்தான் அந்தக் கணத்தில் ஆடுகிறது. சக்கரம் ஏற ஏறப் புள்ளியும் இடம் மாறும். ஆகவே, மிதிக்கிற நிலையில் செயின் உதவி முழுசாக இருக்கட்டும், பெரிய அடி வாங்கும் ஆழத்தில் குறையட்டும் என்று வடிவமைப்பவர் தீர்மானிக்க முடிகிறது. அந்த ஆழத்தில் யாரும் மிதித்துக்கொண்டிருப்பதில்லை.

இந்தத் துறையில் மறக்கக்கூடாத பெயர் ஹார்ஸ்ட் லைட்னர். ஆஸ்திரியாவில் பிறந்த மோட்டோகிராஸ் பந்தயக்காரர். கலிஃபோர்னியாவில் குடியேறி மோட்டார் சைக்கிள் செய்தார். செயின் இழுப்பு சஸ்பென்ஷனைப் படுத்தும் பாட்டை அங்கேயே பார்த்து, அதற்கென்று ஓர் உருளைச் சாதனமும் செய்தவர். பின்னால் சைக்கிளுக்கு வந்து, பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு மூட்டை வைத்தார். அந்த ஒரு மூட்டினால் சக்கரம் பிரதான சட்டத்தை விட்டுத் தனியே பிரிந்து, பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் இறுகிப்போகும் தொல்லையும் வெகுவாகக் குறைந்தது. அவரது காப்புரிமைகளை 1998-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி வாங்கிக்கொண்டது. 2013-இல் அவை காலாவதியாகும் வரை அமெரிக்காவில் மற்றவர்கள் அந்த மூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வேறு வேறு வடிவங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர்களால் பொறியியல் வளர்ந்த அபூர்வமான இடம் இது.

இலவசம் எதுவும் இல்லை. செயின் உதவி வேண்டுமென்றால், சக்கரம் ஏறும்போது பெடல் அச்சுக்கும் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம் கொஞ்சம் நீள வேண்டும். நீண்டால் செயின் இழுபடும்; இழுபட்டால் பெடல் பின்னோக்கி உதைக்கும். பாறை நிறைந்த ஏற்றத்தில் பாதத்தில் லேசாகத் தெரிகிற அந்தத் துள்ளல், நாம் கொடுக்கும் விலை. முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த காலத்தில் கணக்கு இன்னும் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் செயின் கோடு வேறு, ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது. 2012-க்குப் பிறகு முன்னால் ஒன்றே ஒன்று, பின்னால் 11 அல்லது 12 என்று கியர் மாறிவிட்டது. எடையைக் குறைக்கவும் ஓட்டுபவரின் குழப்பத்தைக் குறைக்கவும் வந்த மாற்றம், சஸ்பென்ஷன்காரர்களுக்குப் பெரிய வரமாகிவிட்டது.

மருமகன் என்னை அழைத்துப்போனது ஃபேர்ஃபாக்ஸை ஒட்டிய டமராஞ்சோ. சாரணர் இயக்கத்துக்குச் சொந்தமான மலை. அனுமதிச் சீட்டு வாங்கி ஓட்டலாம். ஏற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக மரவேர்கள். சாதாரண வண்டியில் வேரின் மேல் பின்சக்கரம் ஏறிக் குதிக்கும், குதித்த கணத்தில் மிதித்தால் சக்கரம் சும்மா சுழலும், ஆள் நின்றுவிடுவார். இதில் நானும் எழுந்து மிதிக்கப் பார்த்தேன். “எந்திரிக்காதீங்க மாமா, உட்கார்ந்தே மிதிங்க.” உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் வேர்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, மண்ணை விடாமல் தள்ளிக்கொண்டே போயிற்று. சீட் மட்டும் லேசாக அசைந்தது. சஸ்பென்ஷன் இறக்கத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஏற்றத்திலேயே அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

கணக்கும் அதையே சொல்கிறது. ஐந்து சென்டிமீட்டர் உயர வேரின் மேல் பின்சக்கரம் ஏறும்போது, சஸ்பென்ஷன் இல்லையென்றால் அதன் மேலிருக்கும் 50 கிலோவும் சேர்ந்து உயர வேண்டும்: 25 ஜூல். சஸ்பென்ஷன் இருந்தால் உயர்வது சக்கரம், டயர், பல்சக்கரம், பின்சட்டம். ஐந்து கிலோ என்று தாராளமாகவே வைத்தாலும் இரண்டரை ஜூல். நல்ல ஓட்டக்காரர் முழங்காலை மடக்கி இந்த 25-ஐப் பெருமளவு குறைத்துவிடுவார். கால்தான் உலகின் மிகப் பழைய சஸ்பென்ஷன். ஆனால் அது களைத்துப்போகும்.

பந்தயக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் எடுத்தது. அவர்களுக்குச் சொகுசு ஒரு பொருட்டே இல்லை, நேரம்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரான்சின் ஜூலியன் அப்சலோன் தங்கம் வென்றது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில். 2012 லண்டனில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியோடு வந்து, ஒன்றரை மணி நேரப் பந்தயத்தை ஒரே விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஓட்டியது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி. அந்த ஒரு விநாடிக்கு வண்டிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் 2016 ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வென்றபோது அவருக்குக் கீழே இருந்ததும் ஃபுல் சஸ்பென்ஷன்.

இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் சாய்ந்து சாய்ந்து விழுந்த முன்சக்கரம் வேகம் வந்ததும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. முன்ஃபோர்க் அதிகமாகச் சாய்ந்திருப்பது இதற்காகவே. 1990-களில் கிடைமட்டத்துக்கு 71 பாகை இருந்த கோணம் இப்போது இந்த ரக வண்டிகளில் 65-ஐ ஒட்டி வந்துவிட்டது. மெதுவாகப் போகையில் அசடு, வேகத்தில் நிதானம். ஹேண்டில்பாரில் ஒரு விசையை அழுத்தினால் சீட் தானாகத் தாழ்ந்து காலுக்கு இடம் விடுகிறது. ஓட்டும்போதே சீட்டைத் தாழ்த்தும் ஏற்பாட்டை ஜோ பிரீஸ் 1984-லேயே ஒரு ஸ்பிரிங்கை வைத்துச் செய்துவிட்டார். உலகம் அதைச் சீரியஸாக எடுத்துக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

குறைகளும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேரிங்குகள். சேறும் தண்ணீரும் புகுந்தால் ஒவ்வொன்றும் கிறீச்சிடும். முன்ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுங்கள் என்று ராக்ஷாக்ஸ் கையேடு சொல்கிறது. வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டுபவருக்கு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வேலை. வாங்குபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் வண்டி முன்போல இல்லையே என்பார்கள்.

நம்மூர்க் கடைகளிலும் இதே ஜாடையில் சைக்கிள்கள் தொங்குகின்றன. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், பளிச்சென்ற பெயின்ட், பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. பத்து வயசுப் பையன் அதைக் கைகாட்டாமல் கடையைத் தாண்ட மாட்டான். அவற்றில் பலவற்றைக் குனிந்து பாருங்கள்: பின்னால் இருப்பது வெறும் இரும்புச் சுருள். உள்ளே எண்ணெய் இல்லை; ஆகவே தணிப்பு இல்லை. எடைக்கு ஏற்பத் திருத்த வழியும் இல்லை. மூட்டு எங்கே இருக்கிறதென்று செயினைக் கேட்டு யாரும் வைக்கவில்லை. சஸ்பென்ஷனின் பாரமும் ஆட்டமும் முழுசாக இருக்கின்றன. பிடிப்பு மட்டும் இல்லை. பையன் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஒரு பங்கு அந்தச் சுருளை அமுக்கப் போகிறது.

சோதிப்பது சுலபம். சீட்டைக் கையால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரே மூச்சில் மேலே வந்து நின்றால் உள்ளே எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மூன்று தரம் துள்ளினால் அது வெறும் சுருள், விட்டுவிடுங்கள். மலையும் பாறையும் உள்ள பாதையில் வாரா வாரம் ஓட்டுபவருக்கு, பராமரிக்கப் பணமும் பொறுமையும் இருந்தால், ஃபுல் சஸ்பென்ஷன் கொடுத்த காசுக்குத் தகும். தார் ரோட்டில் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போகிறவர் சஸ்பென்ஷனே இல்லாத, அகலமான டயர் போட்ட சைக்கிளை வாங்கட்டும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் காற்றளவுகளில் குறைந்ததை ஒட்டி வைத்தால் போதும். நம் ரோட்டுக் குழிகளுக்கு அந்த டயரே சஸ்பென்ஷன்.